சான்றுக்கும் உண்டு ஓர் எடை

பணி ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியரின் வீட்டுக்கு இரண்டு வகைத் தாள்கள் தவறாமல் வந்து சேர்கின்றன. ஒன்று, முனைவர் பட்ட ஆய்வேட்டின் இயல்கள். மற்றொன்று, அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தூதரகங்களுக்கும் எழுதப்படும் ஆங்கில மனுக்கள். மார்த்தாண்டத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெளிநாட்டு வேலையோடு ஏதேனும் ஒரு தொடர்பு இல்லாத குடும்பங்கள் குறைவு. ஆகவே, ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டிய தேவை இங்கு சற்று மிகுதி.

இவ்விரு வகைத் தாள்களிலும் நான் அடிக்கடி திருத்துகிற இடம் ஒன்றே. சொல்லவந்த கருத்துக்குத் துணைநிற்கும் சான்றினைக் குறிப்பிடும் இடம் அது. மனுவில் அது 'இன் சப்போர்ட்டிவ் ஆஃப் மை கிளெய்ம், ஐ சப்மிட் தி ஃபாலோயிங் எவிடென்சஸ்' என்று வருகிறது. ஆய்வேட்டிலோ, 'ஆஸ் எவிடென்ட் பை டேபிள் ஃபோர், இட் இஸ் புரூவ்டு தட்' என்று வருகிறது. ஆங்கிலத் தொடர்களை இக்கட்டுரையில் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஓரளவு ஆங்கிலம் பழகியவர்களின் காதுக்கே அவற்றின் நெருடல் தெரியும்.

நான் ஆங்கில ஆசிரியன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். இலக்கணப் பிழைகளில் பெரும்பாலானவற்றை நான் பொருட்படுத்துவதில்லை. 'தி' வர வேண்டிய இடத்தில் வராமல் போனதால் யாருடைய ஓய்வூதியமும் நின்றுவிடாது. ஆனால், சான்றைக் குறிக்கும் தொடர் அத்தகையதன்று. எழுதுபவர் எதை வைத்துப் பேசுகிறார், எவ்வளவு உறுதியோடு பேசுகிறார் என்பதைப் படிப்பவருக்குச் சொல்வது அந்தத் தொடர்தான். அதில் தடுமாறினால் நியாயமான கோரிக்கையும் ஐயத்துக்குரியதாகத் தோன்றும். அரைகுறையான ஆய்வும் முடிந்த முடிவாகத் தோன்றிவிடும். இரண்டாவது தீங்கே பெரிது என்பது என் கருத்து.

முதலில் பன்மையைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'எவிடென்ஸ்' என்பது இன்றைய வழக்கில் எண்ணப்படாத பெயர். தண்ணீரை ஒன்று, இரண்டு என எண்ணுவதில்லை. ஒரு குவளை, இரண்டு குடம் என்கிறோம். அதுபோல, 'எ பீஸ் ஆஃப் எவிடென்ஸ்' என்று சொல்லலாமே தவிர, 'ஆன் எவிடென்ஸ்' என்றோ 'மெனி எவிடென்சஸ்' என்றோ சொல்வதில்லை. இதே இனத்தைச் சேர்ந்தவை 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' ஆகியவை. 'ஃபர்னிச்சர்ஸ்' என்று பெயர்ப்பலகை வைத்துள்ள கடைகளை எந்த ஊரிலும் காணலாம். அதனால் நாற்காலியின் தரம் குறைவதில்லை என்பதும் உண்மையே.

நாம் ஏன் 'எவிடென்சஸ்' என்று எழுதுகிறோம்? காரணம் நம் மொழியில் இருக்கிறது. தமிழில் சான்றும் ஆதாரமும் எண்ணக்கூடியவை. சான்றுகள், ஆதாரங்கள் என்று இயல்பாகச் சொல்கிறோம். குமரி மாவட்டத்தில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இன்றும் சொத்துப் பத்திரத்துக்கு 'ஆதாரம்' என்றுதான் பெயர். இங்குள்ள முதியோர் பேச்சிலும் அச்சொல் அப்பொருளில் வருவதுண்டு. ஆதாரம் என்றாலே கையில் பிடித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் தாள் என்று பழகியவர், மூன்று தாள்களைக் கண்டதும் மூன்று 'எவிடென்சஸ்' என்று எழுதுவதில் வியப்பில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. காண்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. 'கண்கூடு' என்று நாம் சொல்வதற்கு மிக நெருக்கமான பொருள். கண்கூடு என்பதற்கு நாமும் பன்மை சொல்வதில்லை அல்லவா? ஆனால், அப்பன்மை ஆங்கிலத்தில் ஒருகாலத்தில் வழங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1794-இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேய மதகுரு கிறித்தவத்துக்கான சான்றுகள் குறித்து வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தலைப்பிலேயே 'எவிடென்சஸ்' என்ற பன்மை உள்ளது. ஆகவே, அதைக் கண்டவுடன் நகைப்பது அறியாமை. இன்றைய எழுத்தில் அது வழக்கொழிந்தது என்பதே சரியான கூற்று.

மனு எழுதுவோருக்கு எளிய வழி ஒன்று உண்டு. இணைப்பது ஆவணம் என்றால் 'டாக்குமென்ட்ஸ்' என்றே எழுதிவிடலாம். அதற்குப் பன்மை உண்டு, சிக்கலும் இல்லை. 'இன் சப்போர்ட் ஆஃப் மை கிளெய்ம், ஐ என்க்ளோஸ் தி ஃபாலோயிங் டாக்குமென்ட்ஸ்'. இவ்வளவே போதும்.

இத்தொடரில் 'சப்போர்ட்' என்பது பெயர்ச்சொல். அந்த இடத்தில் 'சப்போர்ட்டிவ்' என்ற பெயரடையை வைத்தால் தொடர் நொண்டும். 'சப்போர்ட்டிவ்' என்பது பெரும்பாலும் மனிதர்களுக்கு உரிய அடைமொழி. துயரில் உடன் நிற்கும் மனைவி, ஊக்கமளிக்கும் தலைமையாசிரியர் ஆகியோரை அப்படிச் சொல்லலாம். சான்றுக்கு உரிய அடைமொழி 'சப்போர்ட்டிங்'. 'சப்போர்ட்டிவ் எவிடென்ஸ்' என்று எழுதும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அதைத் தவறென்று யாரும் சிறையில் அடைக்கப்போவதில்லை. ஆயினும், 'சப்போர்ட்டிங் எவிடென்ஸ்' என்பதே ஐயமற்ற வழக்கு. தூண் கூரையைத் தாங்குவதுபோல் சான்று கூற்றைத் தாங்குகிறது என்ற படிமம் அதில் இருக்கிறது. தாங்குவதற்கு ஓர் அளவு உண்டு என்பதும் அப்படிமத்திலேயே அடங்கியிருக்கிறது.

அடுத்தது, 'ஆஸ் எவிடென்ட் பை'. இது இரண்டு தொடர்கள் மோதிக்கொண்டதால் விளைந்த விபத்து. 'எவிடென்ஸ்' என்பதை வினையாகவும் ஆங்கிலம் பயன்படுத்துகிறது. அதன் வழியே 'ஆஸ் எவிடென்ஸ்டு பை' என்ற தொடர் வருகிறது. 'எவிடென்ட்' என்பது பெயரடை. அதன் பின்னால் 'ஃப்ரம்' வரும். 'ஆஸ் இஸ் எவிடென்ட் ஃப்ரம் தி சென்சஸ்' என்பது சரி. இரண்டும் மறந்துபோனால், 'தி சென்சஸ் ஷோஸ்' என்று எழுதலாம். என் மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த மூன்றாவது வழியையே. ஒரு செய்தியை நேராகச் சொல்ல முடியும்போது அதற்கு நீதிமன்ற உடை அணிவிப்பானேன்?

இத்தொடரில் இலக்கணத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. 'எவிடென்ஸ்டு பை' என்பதற்கு முன்னால் வருவது கூற்று. பின்னால் வருவது கண்டறிந்த செய்தி. பின்னால் வருவது முன்னால் வருவதை உண்மையிலேயே தாங்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் அதுவே முதலிடம். 'மாவட்டத்தில் எழுத்தறிவு உயர்ந்துள்ளது. கணக்கெடுப்பு அதைக் காட்டுகிறது' என்று எழுதலாம். 'மாவட்டத்தில் கல்வியின் தரம் உயர்ந்துள்ளது, 91.75 விழுக்காடு அதைக் காட்டுகிறது' என்று எழுதினால் இலக்கணம் பிழையற்றதாக இருக்கும், வாக்கியம் பொய்யாகிவிடும். கணக்கெடுப்பாளர் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாரே தவிர, தேர்வு வைக்கவில்லை.

'எவிடென்ஸ்' என்பதன் பின்னால் வரும் சிறு சொற்களுக்கு ஓர் உள்ளூர் உதாரணம் சொல்கிறேன். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ஆம் ஆண்டின் சட்டப்படி அக்குறியீட்டுக்கு விண்ணப்பிப்போர், அப்பொருள் அந்த மண்ணுக்கு உரியது என்பதற்கு வரலாற்றுப் பதிவுகளைத் தர வேண்டும். மார்த்தாண்டத்துக்கு அப்படிப்பட்ட எழுத்துப் பதிவு உண்டு. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் இங்கு கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கிய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாச், தேனீ வளர்ப்பை உழவர்களின் துணைத்தொழிலாகப் பரப்பினார். வறுமையிலிருந்து கிராமம் மேலெழுவது குறித்து அவர் எழுதிய நூல் 1932-இல் வெளிவந்தது. சிறிய தேனீப்பெட்டி வகை ஒன்றுக்கே மார்த்தாண்டம் பெட்டி என்று பெயர்.

இப்போது சிறு சொற்களைப் பொருத்திப் பார்ப்போம். இங்கு அக்காலத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு இருந்தது என்பதற்கு ஹாச்சின் நூல் 'எவிடென்ஸ் ஆஃப்'. ஒரு பொருளோ நிகழ்வோ இருந்ததன் தடயத்தைச் சொல்ல 'ஆஃப்' பொருந்தும். துணைத்தொழில் வருமானம் சிறு உழவர்களின் கடனைக் குறைக்கும் என்ற கருத்துக்கு அந்நூலின் அனுபவங்களை ஒருவர் முன்வைத்தால், அது 'எவிடென்ஸ் ஃபார்'. வாதத்துக்கு உரிய ஒரு கருத்தின் பக்கம் நிற்பது 'ஃபார்'. அதன் எதிர்ப்பக்கம் நிற்பது 'அகெயின்ஸ்ட்'. முழு வாக்கியமாகவே சொல்ல வேண்டுமெனில், 'எவிடென்ஸ் தட்'. இம்மூன்றுக்கும் இடையே கறாரான வேலி எதுவும் இல்லை. நல்ல எழுத்தாளர்களிடமும் இவை இடம் மாறுவதுண்டு. ஆனால், 'எவிடென்ஸ் டு' என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். 'கோரிக்கைக்குச் சான்று' என்பதில் உள்ள நான்காம் வேற்றுமையை அப்படியே ஆங்கிலத்துக்கு ஏற்றுவதால் வருவது அது.

இனி வினைச்சொற்களுக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்குதான் இருக்கிறது.

குமரி மாவட்டத்தில் பொருளியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வோர் விரும்பும் தலைப்புகளில் ஒன்று மகளிர் சுயஉதவிக் குழுக்கள். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய இயக்கம் அது. ஆய்வாளர் நூறு அல்லது இருநூறு பெண்களைச் சந்திக்கிறார். குழுவில் சேர்வதற்கு முன் மாத வருமானம் என்ன, இப்போது என்ன என்று கேட்கிறார். கூடியிருக்கிறது. உடனே எழுதுகிறார்: 'சுயஉதவிக் குழுக்கள் பெண்களின் வருமானத்தை உயர்த்துகின்றன என்பது நிரூபிக்கப்படுகிறது'. 'இட் இஸ் புரூவ்டு'.

இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் குழுவில் சேராத பெண்களின் வருமானமும் கூடியிருக்கலாம். விலைவாசியும் கூலியும் ஏறியிருக்கின்றன. முனைப்பும் துணிவும் உள்ள பெண்களே குழுவில் சேர்ந்திருக்கலாம். குழு இல்லாவிட்டாலும் அவர்கள் முன்னேறியிருப்பார்கள். குழு பயன் தந்திருந்தாலும் வருமானம் கூடியிருக்கும்; தராவிட்டாலும் கூடியிருக்கும். இரண்டு நிலையிலும் ஒரே போல் காணப்படும் ஒரு செய்தி, எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது.

இதை மேல்நாட்டுப் புள்ளியியல் நூல்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைக் கற்பிக்கிறார். மெய்ப்பிக்க வேண்டிய கூற்று பக்கம், அதற்குக் காட்டும் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். சரியான ஏதுவைப்போலத் தோன்றி ஏமாற்றுபவை ஏதுப்போலிகள். அவற்றுள் அநைகாந்திகம் என்பது ஒருவகை. ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுவது என்று ஒருவர் வாதிடுகிறார் என்று கொள்வோம். குடமும் அறியப்படுகிறது; அது அழிகிறது. ஆகாயமும் அறியப்படுகிறது, அது அழியாதது என்பது அக்காலத்தார் கொள்கை. இரு பக்கமும் பொருந்தும் ஏது எதையும் நாட்டுவதில்லை. நம் ஆய்வேடுகளில் பாதி இந்த ஒரு போலியில் விழுகின்றன என்றால் மிகையாகாது.

ஆங்கிலத்தில் இந்நிலைக்கென்றே ஒரு தொடர் உண்டு: 'கன்சிஸ்டென்ட் வித்'. அதாவது, இந்தத் தரவு அந்தக் கருத்தோடு முரண்படவில்லை, அவ்வளவே. அதைவிட ஒரு படி மேலே 'சஜெஸ்ட்ஸ்'. அது சாய்வைக் காட்டுவது. அதற்கு மேல் 'சப்போர்ட்ஸ்'. போட்டியிடும் வேறு விளக்கங்களைவிட இந்த விளக்கத்துக்குத் தரவு துணைநிற்கிறது என்று பொருள். 'ஷோஸ்', 'டெமான்ஸ்ட்ரேட்ஸ்' ஆகியவை இன்னும் வலியவை. 'புரூவ்ஸ்' உச்சியில் இருக்கிறது. அது கணிதத்தில் தேற்றத்துக்கும், நீதிமன்றத்தில் தீர்ப்புக்கும் உரியது. பொருளியலில் அதற்கு ஏறத்தாழ இடமே இல்லை.

இதை முறையாகச் செய்தவர்களின் எழுத்தைப் பார்த்தால் வேறுபாடு புரியும். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்டோர் ஹைதராபாதில் குறுங்கடன் குறித்து ஓர் ஆய்வு செய்தனர். 104 குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்து, அவற்றுள் 52-இல் மட்டும் குறுங்கடன் நிறுவனத்தின் கிளைகள் முதலில் திறக்கப்பட்டன. எந்த 52 என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆகவே, முனைப்புள்ளவர் இந்தப் பக்கம், அல்லாதவர் அந்தப் பக்கம் என்ற குறை அங்கு எழவில்லை. தொழிலில் இட்ட முதலீடு கூடியிருந்தது. குடும்ப நுகர்வு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. பெண்களின் அதிகாரம், குழந்தைகளின் கல்வி ஆகியவற்றில் மாற்றம் தென்படவில்லை. 2015-இல் வெளிவந்த அக்கட்டுரையின் தலைப்பில், குறுங்கடன் ஓர் அற்புதமா என்று கேள்விக்குறி இட்டிருந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்களே கேள்விக்குறி இடுகிற இடத்தில், நம் ஆய்வாளர் இருநூறு படிவங்களை வைத்துக்கொண்டு முற்றுப்புள்ளி இடுகிறார்.

ஒரு சொல்லுக்காக உலக நாடுகளே மல்லுக்கட்டிய நிகழ்வு ஒன்றும் உண்டு. 1995 நவம்பரில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில், பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழுவின் இரண்டாம் அறிக்கை இறுதி செய்யப்பட்டது. புவி வெப்பமடைவதில் மனிதர்களின் பங்கு இருக்கிறதா என்பது கேள்வி. பென் சான்டர் தலைமையிலான அறிவியலாளர்கள் எழுதியிருந்த இயலுக்கு, எண்ணெய் வளம் மிக்க நாடுகளின் பிரதிநிதிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மனிதத் தாக்கத்துக்கு எந்த அடைமொழி இடுவது என்று நீண்ட நேரம் விவாதம் நடந்தது. வரைவில் இருந்த 'அப்ரீஷியபிள்' என்ற சொல் ஏற்கப்படவில்லை. குழுவின் தலைவர் பெர்ட் போலின் முன்மொழிந்த 'டிஸ்சர்னிபிள்' என்ற சொல் ஏற்கப்பட்டது. 'கண்டுணரத்தக்க' என்று அதைத் தமிழில் சொல்லலாம். வினைச்சொல்லும் 'புரூவ்ஸ்' அன்று. சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்தால் அவை இதையே 'சஜெஸ்ட்' செய்கின்றன என்ற அளவில் அவ்வாக்கியம் நின்றது.

பலருக்கு அது கோழைத்தனமாகத் தோன்றியது. ஆனால், அடுத்து வந்த அறிக்கைகளைப் பாருங்கள். 2001-இல் 'லைக்லி', 2007-இல் 'வெரி லைக்லி', 2013-இல் 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்று சொல் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை விழுக்காடு உறுதி என்று குழுவே வரையறுத்திருந்தது: முதலாவது 66-க்கு மேல், அடுத்தது 90-க்கு மேல், மூன்றாவது 95-க்கு மேல். 2021 அறிக்கை, மனிதத் தாக்கத்தில் ஐயமே இல்லை என்று கூறியது. 1995-இலேயே 'நிரூபணமாகிவிட்டது' என்று எழுதியிருந்தால், புதிய சான்று சேர்ந்தபோது ஏறுவதற்குப் படியே இருந்திருக்காது. இடையில் ஓர் ஆண்டு குளிர்ந்திருந்தால் இறங்க வேண்டியும் வந்திருக்கும்.

ஆய்வாளர்கள் 'புரூஃப்' என்ற சொல்லை வாரி இறைக்கிறார்கள் என்றால், அலுவலகங்கள் அதே சொல்லை எளியவர்களிடம் கேட்டு வதைக்கின்றன. இது நாணயத்தின் மறுபக்கம்.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமமாக மாறியிருக்கிறது. பெயர் மாறினாலும் அதன் அடிப்படைச் சொற்கள் மாறவில்லை. சாட்சிகள் வாய்மொழியாகக் கூறுவதும், நீதிமன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படும் ஆவணங்களும் 'எவிடென்ஸ்'. அவற்றை ஆராய்ந்தபின் நீதிமன்றம் அடையும் நிலை 'புரூவ்டு'. அதற்கும் முழு உறுதி தேவை என்று சட்டம் சொல்லவில்லை. விவேகமுள்ள ஒரு மனிதர் அது உண்மை என்று கொண்டு செயல்படும் அளவுக்கு வாய்ப்பு இருந்தால் போதும் என்கிறது. பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது 'டிஸ்புரூவ்டு'. இரண்டும் அல்லாதது 'நாட் புரூவ்டு'. ஸ்டீஃபன் இந்த மூன்றாவது நிலைக்கும் ஒரு பெயர் சூட்டியதை நான் மிகவும் மதிக்கிறேன். மெய்ப்பிக்கப்படாததெல்லாம் பொய்யாகிவிடாது.

ஆக, குடிமக்கள் தர வேண்டியது 'எவிடென்ஸ்'. அதைச் சீர்தூக்கி 'புரூவ்டு' என்று முடிவு செய்வது அதிகாரியின் பொறுப்பு. 'புரூஃப் கொண்டு வா' என்று சாளரத்தின் மறுபுறமிருந்து சொல்லும்போது, அந்தப் பொறுப்பும் சேர்த்து மனுதாரர் தலையில் ஏற்றப்படுகிறது. முகவரிக்கும் பிறந்த நாளுக்கும் 'புரூஃப்' என்று சொல்வது நாடெங்கும் நிலைத்துவிட்ட வழக்கு; அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், அதே நாட்டில் சட்டம் எவ்வளவு நிதானமாக எழுதப்படுகிறது என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தைப் பாருங்கள். ஆதார் எண் தன்னளவில் குடியுரிமைக்கோ நிலையான வசிப்பிடத்துக்கோ மெய்ப்பு ஆகாது என்கிறது அதன் ஒன்பதாம் பிரிவு. 'பை இட்செல்ஃப்' என்ற அந்தச் சிறு தொடரைக் கவனிக்க வேண்டும். அட்டை பயனற்றது என்று சட்டம் சொல்லவில்லை. அது ஒன்றே போதாது என்று மட்டும் சொல்கிறது.

ஒன்றே போதாத இடத்தில் உதவுவது 'கொராபரேட்' என்ற வினை. தனித்தனியே கிடைத்த இரண்டு செய்திகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவது அதன் பொருள். 'சப்போர்ட்' என்பதற்கு மாற்றுச் சொல்லாக அதை எழுதிவிடக் கூடாது. வலுப்படுத்துவதற்கு முன்பே ஒரு சான்று இருக்க வேண்டும். இரண்டாவது, முதலாவதை நகல் எடுத்ததாக இருக்கக் கூடாது. ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் சொன்னால், அது இரண்டு சான்றன்று. ஒரே சான்றின் எதிரொலி.

இந்த வினையின் அருமையை இம்மாவட்டம் 2017 நவம்பர் இறுதியில் உணர்ந்தது. ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களில் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. ஒருவரைப் பற்றி, இயல்பாக அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லையெனில், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. பேரிடர்க் காலங்களில் அரசு தனி ஆணைகளால் நிவாரணம் வழங்கலாம். ஆனால், வங்கிக் கணக்கு, காப்பீடு, கடன், பெயர் மாற்றம் என ஒரு குடும்பம் ஏறி இறங்க வேண்டிய படிகள் பல.

அக்காலத்தில் மனு எழுதித் தந்த பலருள் நானும் ஒருவன். என்னிடம் வந்த வரைவுகள் பெரும்பாலும், இறப்புக்கு 'புரூஃப்' இணைத்திருப்பதாகத் தொடங்கின. இணைக்கப்பட்டிருந்தவையோ குடும்ப அட்டையும் புகைப்படமும். 'புரூஃப்' எங்கே என்று அலுவலர் கேட்டால், அந்தத் தாய் என்ன பதில் சொல்வார்? கடல் சான்றிதழ் எழுதித் தருவதில்லை. அச்சொல்லை நீக்கிவிட்டு, இருந்தவற்றை அவற்றின் எடை மாறாமல் எழுதினோம். படகில் யார் யார் சென்றார்கள் என்று உரிமையாளர் வைத்திருந்த பட்டியல், அவர் அன்று அப்படகில் இருந்தார் என்பதற்குச் சான்று. அருகே மற்றொரு படகில் இருந்து உயிர் தப்பியவரின் வாக்குமூலம், கடைசியாக எந்தத் திசையில், எந்த நேரத்தில் அப்படகைப் பார்த்தார் என்பதைக் கூறுகிறது. பட்டியலை அது வலுப்படுத்துகிறது. புறப்பட்ட நாளுக்குப் பின் கைப்பேசியில் ஓர் அழைப்பும் இல்லை என்பது மேலும் ஒன்று. இவை மூன்றும் வெவ்வேறு வழியில் கிடைத்தவை என்பதைத் தனி வரியில் குறிப்பிட்டோம். இறுதியில், 'தி என்க்ளோஸ்டு டாக்குமென்ட்ஸ் கொராபரேட் ஒன் அனதர்' என்று எழுதி, கையொப்பத்துக்கு இடம் விட்டோம்.